மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட் – வசனம் குறைவு, கைவேலை அதிகம்

ஒரு லாரி போகிறது, போன வழியே திரும்பி வருகிறது. ஜார்ஜ் மில்லர் இயக்கி 2015 மே மாதம் வெளியான ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தின் கதையைக் கேட்டால் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கதையே இல்லாத படம் என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கதை இருக்கிறது, வாய் வழியாக வருவதில்லை, அவ்வளவுதான். யாருடைய கை எதைப் பிடித்திருக்கிறது, எந்த விரல் எந்தச் சுவிட்சைத் தொடுகிறது என்று கவனித்துக்கொண்டே வந்தால் யார் எப்படிப்பட்டவர், யாரை நம்புகிறார், எப்போது மனம் மாறினார் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். வசனத் தாள்களை நம்பாமல் சுமார் 3500 ஸ்டோரிபோர்டு படங்களாக வரைந்து உருவாக்கிய படம் அப்படித்தான் இருக்கும். (கதையின் முடிவும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதல் சில நிமிடங்களிலேயே இந்த உலகத்தின் கணக்குவழக்கு தெரிந்துவிடுகிறது. சிட்டாடல் என்ற பாறைக் கோட்டையில் நிலத்தடி நீர் இருக்கிறது, உச்சியில் பயிர் இருக்கிறது. அங்கே இம்மார்ட்டன் ஜோ வைத்ததுதான் சட்டம். கேஸ் டவுனில் பெட்ரோல், புல்லட் ஃபார்மில் தோட்டா. மூன்று இடத்துக்கும் மூன்று முதலாளிகள், நடுவில் பண்டமாற்று. தண்ணீரும் தாய்ப்பாலும் ஏற்றிக்கொண்டு பெட்ரோல் வாங்கப் போவதாகச் சொல்லித்தான் ஜோவின் தளபதி ஃப்யூரியோசா ஓட்டும் ‘வார் ரிக்’ டேங்கர் லாரி கிளம்புகிறது. ஜோ சில விநாடிகள் மட்டும் தண்ணீரைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு, இதற்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று கீழே நிற்கும் கூட்டத்துக்குப் புத்திமதி சொல்கிறான். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம்.

இனி நடிகர்கள். இந்தப் படம் 10 பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை பெற்று 6 விருதுகளை வாங்கியது. எடிட்டிங், உடை, ஒப்பனை, கலை இயக்கம், ஒலிக்கு இரண்டு. நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. ஓட்டம் நிற்காத படத்தில் நடிப்பு இருக்காது என்று தேர்வுக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். ஃப்யூரியோசாவாக வரும் சார்லீஸ் தெரோனை மறுபடி பாருங்கள். மொட்டைத் தலை, இடது முன்கை இல்லை, நெற்றியில் கருப்பு க்ரீஸ். அறிமுகத்தில் அவர் பேசுவதே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பி வழக்கமான பாதையை விட்டு விலகுகிறார், பின்னால் வரும் ஆட்கள் குழம்புகிறார்கள். கண்ணாடியைப் பார்க்கும் ஒரு பார்வையிலேயே, ஜோவின் ஐந்து மனைவியரை லாரியில் ஒளித்துத் தப்பவைக்கும் இது நெடுநாள் திட்டம் என்று தெரிந்துவிடுகிறது. பின்னால் சொந்த ஊர் இல்லாமல் போய்விட்டது என்று அறிந்ததும் இயந்திரக் கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் மண்டியிட்டுக் கதறுகிறாரே, அதுவரை ஒரு இடத்தில்கூட அழுகை கிடையாது. அதனால்தான் அந்த ஒரு அலறல் நெஞ்சைப் பிசைகிறது.

வண்டியின் சுவிட்சுகள்தான் இவருக்கும் ஜோவிடம் கைதியாக இருந்து தப்பிய மேக்ஸுக்கும் (டாம் ஹார்டி) இடையிலான உறவின் அளவுகோல். மேக்ஸ் முதலில் எல்லாரையும் விட்டுவிட்டு லாரியை மட்டும் கிளப்பிக்கொண்டு போகப் பார்க்கிறான். கொஞ்ச தூரத்தில் வண்டி தானாக நின்றுவிடுகிறது. எந்த வரிசையில் சுவிட்சுகளைப் போட்டால் ஓடும் என்பது ஃப்யூரியோசாவுக்கு மட்டுமே தெரியும். பிறகு கணவாய்க்குள் நுழையும்முன் அந்த வரிசையை அவரே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வேறு படமாக இருந்தால் இங்கே இருவரும் கண்ணோடு கண் பார்த்து இரண்டு பக்கம் பேசியிருப்பார்கள்.

தோட்டாக் காட்சியும் அப்படித்தான். இரவு, சேறு, துரத்தி வரும் விளக்கு, துப்பாக்கியில் மிச்சம் மூன்றே தோட்டா. மேக்ஸ் இரண்டைச் சுட்டுக் குறி தவறவிடுகிறான். மூன்றாவதைச் சுடாமல் துப்பாக்கியை ஃப்யூரியோசாவிடம் கொடுத்துவிட்டு, குழாயைத் தாங்கத் தன் தோளைக் கொடுக்கிறான். மூச்சு விடாதே என்பதுதான் அவர் அவனிடம் சொல்வது. குறி தப்பவில்லை. ஆக்‌ஷன் படத்தின் நாயகன் எனக்கு இது வராது, நீ செய் என்று ஒதுங்கிக்கொள்வதை டாம் ஹார்டி எந்த அலட்டலும் இல்லாமல் செய்திருக்கிறார். படத்தின் முதல் பகுதி முழுக்க அவர் வாயில் இரும்புக் கவசம், அதை அரத்தால் அறுத்துக் கழற்றவே பாதி நேரம் போகிறது. கண்ணும் கழுத்தும் மட்டும் வைத்துக்கொண்டு மிரண்ட மிருகம் மனிதனாகத் திரும்புவதைக் காட்ட வேண்டிய வேடம். காட்டியிருக்கிறார். பேசத் தொடங்கிய பின் உறுமலும் முணுமுணுப்புமாக விழுங்கிவிடும் வசனங்கள்தான் சங்கடம்.

மூவரில் அதிக தூரம் பயணப்படும் பாத்திரம் நிக்கலஸ் ஹோல்ட்டின் நக்ஸ், ஜோவின் படையாள். வெள்ளைப் பூச்சு, கழுத்தில் கட்டிகள், ஜோவுக்காகச் செத்தால் சொர்க்கம் என்ற நம்பிக்கை. வாயில் வெள்ளிப் பூச்சை அடித்துக்கொண்டு எல்லாரும் பார்க்கச் சாக வேண்டும் என்பதே இவன் கனவு. தலைவன் கண்ணெதிரே சங்கிலி தடுக்கி விழுகிறான், ஜோ ஒரே சொல்லில் அவனைத் தள்ளிவிடுகிறான். ஹோல்ட் அங்கே காட்டும் முகம் பரீட்சையில் தோற்ற பையனின் முகம். லாரி சேற்றில் புதைந்த இரவில் மரத்தில் வின்ச்சைக் கட்டி இழுக்க வழி சொல்வது அவன்தான். முதல் முறையாக ஒரு வேலை பலிக்கிறது, முகம் மாறுகிறது. கடைசியில் லாரியைக் கவிழ்த்துக் கணவாயை அடைக்கும்போது, இவர்கள் வழக்கமாகத் தொண்டை கிழியக் கத்தும் ‘என்னைப் பார்’ என்ற அதே சொற்களை ஒரு பெண்ணிடம் மட்டும் மெல்லச் சொல்கிறான்.

ஜோவாக வரும் ஹ்யூ கீஸ்-பர்ன், 1979 இல் வந்த முதல் ‘மேட் மேக்ஸ்’ படத்தின் வில்லன் டோகட்டரும் இவரே. குதிரைப் பல் பதித்த முகமூடிக்கு மேலே தெரியும் கண்களால் மட்டும் நடித்தார். 2020 இல் காலமானார். ஜோவின் ஐந்து மனைவியரை அழகுப் பொம்மைகள் என்று ஒதுக்குவது அவசரம். கர்ப்பிணி ஆங்கரட் (ரோஸி ஹன்டிங்டன்-வைட்லி) ஜோ தன்னைச் சுடமாட்டான் என்று தெரிந்து தன் உடலையே கேடயமாக நீட்டுகிறாள். டோஸ்ட் (ஸோயி க்ராவிட்ஸ்) தோட்டாக்களை எண்ணிப் பிரிக்கிறாள். திரும்பிப் போய்விடலாம் என்று அழுத சீடோ (கோர்ட்னி ஈட்டன்), கடைசிச் சண்டையில் அந்தப் பலவீனத்தையே நடிப்பாக்கி எதிரி வண்டிக்குள் நுழைந்து ஃப்யூரியோசாவை மேலே இழுத்துவிடுகிறாள். கேப்பபிளுக்கும் (ரைலி கியோ) நக்ஸுக்கும் நடுவே வரும் பிரியம்தான் போதிய நேரம் இல்லாமல் ஒட்டுப்போட்டது போல் இருக்கிறது.

‘கிராஃபிக்ஸ் இல்லாத படம்’ என்று இணையத்தில் சுற்றும் பேச்சு பாதி உண்மை. சுமார் 2000 ஷாட்டுகளில் கணினி வேலை உண்டு. மணல் புயல், சிட்டாடலின் உயரம், தெரோனின் இல்லாத கை எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் வண்டிகள் நிஜம், ஓடியதும் நிஜம். ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில்லில் மழை பெய்து பாலைவனம் பூத்துவிட்டதால் படப்பிடிப்பு நமீபியாவுக்கு மாறி 2012 இல் நடந்தது. கலை இயக்குநர் காலின் கிப்சனின் குழு சுமார் 150 வண்டிகளைச் செய்தது. வார் ரிக்கின் அடிப்படை செக் நாட்டு டாட்ரா லாரி, அதன் மேல் பழைய ஷெவர்லே காரின் உடலை ஒட்டியிருக்கிறார்கள். ஜோவின் வண்டி 1959 மாடல் கேடிலாக் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றியது, உள்ளே இரண்டு வி8 இன்ஜின்.

ஆடும் கம்பத்தின் உச்சியில் தொங்கியபடி ஆட்கள் லாரிக்குள் பாயும் காட்சியை முதலில் தனித்தனியாக எடுத்துக் கணினியில் ஒட்டுவதாகத்தான் திட்டம். ஸ்டண்ட் இயக்குநர் கை நாரிஸ் ஓடும் வண்டியிலேயே செய்துகாட்டினார். சூட்சுமம் தராசு போன்றது: கம்பத்தின் அடியில் கனமான எதிர் எடை. எடை சரியாக இருந்தால் மேலே ஆள் இருந்தாலும் லேசாகத் தள்ளினாலே சாய்ந்து தானாக நிமிரும், குறைந்தால் சாய்ந்தது நிமிராது. ஜோவின் படையோடு வரும் நெருப்பு கக்கும் கிதாரும் வேலை செய்யும் கருவிதான், எடை ஏறக்குறைய 60 கிலோ. பாடகர் அயோட்டா அதோடு கயிற்றில் தொங்குகிறார். இதைக் கிறுக்குத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. படைக்கு முன் முரசு போவது எல்லா ஊரிலும் இருந்ததுதான், இங்கே முரசோடு கிதாரும் போகிறது.

இவ்வளவு இரைச்சலிலும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இல்லாததற்கு ஒளிப்பதிவாளர் ஜான் சீலும் எடிட்டர் மார்கரெட் சிக்சலும் காரணம். முக்கியமான முகமோ கையோ எப்போதும் திரையின் நடுவிலேயே இருக்கும்படி எடுத்திருக்கிறார்கள். ஷாட் மாறினாலும் கண் இடம் மாறித் தேட வேண்டாம். சுமார் 480 மணி நேரக் காட்சிப்பதிவிலிருந்து தேர்ந்தெடுத்த ஏறக்குறைய 2700 வெட்டுகள், அதாவது ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக 3 விநாடிகூட இல்லை. சிக்சல் அதற்கு முன் ஆக்‌ஷன் படம் வெட்டியதில்லை. அவர் வெட்டாமல் விட்டதும் பெரிது: பனிமூட்டத்துக்குள் மேக்ஸ் தனியாகப் போகிறான், ஒரு வெடிச்சத்தம், பிறகு முகமெல்லாம் ரத்தத்தோடு ஆயுத மூட்டையோடு திரும்பி வந்து தாய்ப்பாலில் முகம் கழுவுகிறான். சண்டையைக் காட்டவே இல்லை.

மில்லர் சினிமாவுக்கு முன் சிட்னியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த மருத்துவர். அது கடைசியில் உதவுகிறது. குத்துப்பட்ட ஃப்யூரியோசாவின் நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்து நுரையீரல் சுருங்குகிறது. ஒவ்வொரு மூச்சும் நிலைமையை மோசமாக்கும். விலா இடுக்கில் குத்திக் காற்றை வெளியேற்றுவது மெய்யான அவசர சிகிச்சைதான். அடுத்து ரத்தம். எவருக்கும் ஏற்ற ஓ நெகட்டிவ் என்பதால் தொடக்கத்தில் மேக்ஸைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ரத்தப் பையாக வைத்திருந்தார்கள். இப்போது தானாக முன்வந்து குழாயைச் சொருகுகிறான், அதுவரை அவரிடம் சொல்லாத தன் பெயரையும் சொல்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. மேக்ஸின் கண்முன் வந்துபோகும் சிறுமி யார் என்பதற்குப் படத்துக்குள் விடை கிடையாது. வில்லன்களின் தீமையைக் காட்ட ஊதிய உடலையும் உடல் குறையையும் துணைக்கு அழைப்பது பழைய சோம்பல். முடிவில் மண்டையோடு பதித்த ஸ்டியரிங் பார்வையாளர் மூக்கை நோக்கிப் பறந்து வருவது 3டி கண்ணாடி விற்பதற்கென்றே வைத்தது, வீட்டுத் திரையில் பார்த்தால் அப்பட்டமாகப் பல்லிளிக்கிறது.

வீட்டில் பார்ப்பதாக இருந்தால் முதல் வேலை, டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைப்பது. பல ஷாட்டுகளின் வேகத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் வைத்திருக்கிறார்கள். டிவி நடுவில் புகுந்து அதை வழவழப்பாக்கினால் உயிர் போய்விடும். இரவுக் காட்சிகள் பகல் வெயிலில் அளவுக்கு மேல் வெளிச்சம் வைத்து எடுத்துப் பின்னர் நீலமாக இருட்டாக்கியவை, அறை விளக்கை அணைத்தால்தான் விவரம் தெரியும். ஹார்டிக்காக சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். கருப்பு வெள்ளையில் ‘பிளாக் அண்ட் குரோம்’ பதிப்பும் உண்டு. முகங்கள் அதில் அருமையாக இருக்கின்றன, ஆனால் ஆரஞ்சு மணலையும் நீல இரவையும் இழப்பதால் அதை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். அன்யா டெய்லர்-ஜாய் நடித்து 2024 இல் வந்த ‘ஃப்யூரியோசா’ முன்கதை என்றாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டாம். அந்தக் கை எப்படிப் போனது என்று தெரியாமல் தெரோனைப் பார்ப்பதுதான் நல்லது.