பல் மருத்துவர்களுக்கான 'முழு பேக்கேஜ்': எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஊரில் பி.டி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த விளம்பரங்கள் பழக்கமாகியிருக்கும். டாகுமென்ட் வேலையில் தொடங்கி லைசென்ஸ் கையில் வரும் வரை எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அப்படி ஒரு ஏஜென்சியில் முழு பேக்கேஜ் எடுத்தேன். பெயர் போடவில்லை. இதே அச்சில் பல கம்பெனிகள் ஓடுகின்றன, எதில் சேர்ந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கவுன்சலிங். இதற்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம்கூட அதிகம். அமெரிக்காவில் எந்தக் கல்லூரிப் படிப்பு செல்லும் என்பதைப் பார்ப்பது கோடா என்கிற அங்கீகார அமைப்பு. கனடாவோடு பரஸ்பர ஒப்பந்தம் இருப்பதால் அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நம் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் (டி.சி.ஐ.) தரும் அங்கீகாரத்துக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது, கல்லூரி எவ்வளவு பேர் வாங்கியதாக இருந்தாலும் சரி. இந்த அடிப்படையைச் சொல்லவே அந்த கவுன்சலர் சுற்றி வளைத்தார். அதைவிட மோசம், என்னோடு அழைப்பில் இருந்த இன்னொருவரிடம், தம்பியைக் கிழக்கு ஐரோப்பாவின் மால்டோவாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்டால் நேராக கலிபோர்னியா லைசென்ஸ் என்று அடித்துச் சொன்னார். அது பழைய கதை. கலிபோர்னியா பல் மருத்துவ வாரியம் ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கல்லூரிகளைத் தானே ஆய்வு செய்து அனுமதித்தது உண்மைதான், மெக்சிகோவில் டி லா சால் பாஹியோவும் மால்டோவாவின் அரசு மருத்துவப் பல்கலைக்கழகமும் அப்படி அனுமதி பெற்றவை. ஆனால் 2019-இல் சட்டத்தை மாற்றி, 2020 முதல் வருகிற கல்லூரிகள் கோடா வழியாகத்தான் வர வேண்டும் என்றார்கள், பழைய அனுமதிக்கும் 2024 வரைதான் ஆயுள் கொடுத்தார்கள். ஐந்து வருடப் படிப்புச் செலவு தொங்குகிற விஷயத்தில் இப்படியா வாய்க்கு வந்ததைச் சொல்வது? எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பது கோடாவின் தளத்திலேயே இருக்கிறது, பெயரைத் தேடிப் பார்க்க ஒரு பைசா செலவில்லை.

வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்கில் மதிப்பிட்டுத் தரும் இ.சி.இ. மதிப்பீட்டுக்கு உதவி என்று தனியாக ஒரு தொகை வாங்கினார்கள். அந்த உதவி ஒரு பிடிஎஃப். மார்க்ஷீட்டுக்காகப் பல்கலைக்கழகத்தில் அலைவது நீங்களோ உங்கள் அப்பாவோதான், அதை எந்தக் கம்பெனியும் செய்து தராது.

அமெரிக்காவின் தேசியப் பல் மருத்துவத் தேர்வான ஐ.என்.பி.டி.இ.க்கான வகுப்புகள் பரவாயில்லை ரகம். தேர்வு இரண்டு நாள், 500 கேள்விகள், முதல் நாளிலேயே 360. 2020 ஆகஸ்டில் வந்த இந்த முறையில் பழையபடி பார்ட் ஒன், பார்ட் டூ என்று பிரிவு இல்லை, நோயாளியின் விவரத்தைக் கொடுத்து அதன்மேல் கேள்விகளை அடுக்குகிறார்கள். அந்த ஏஜென்சியின் ஆசிரியர்களில் ஒருவர் மட்டும் இதைப் புரிந்து பாடம் எடுத்தார், மருந்தியல் வகுப்பு அருமை. மற்றவர்கள் பழைய பார்ட் ஒன் நோட்ஸைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். எப்படியும் பாஸா ஃபெயிலா என்று மட்டும்தான் முடிவு வரும், மதிப்பெண்ணைக் காட்டி ஒரு கல்லூரியை அசத்த முடியாது. அதற்குப் போய் 'டாப் ஸ்கோர் பேட்ச்' என்று கூடுதல் கட்டணம் கேட்டார்களே, அது எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை.

வெளிநாட்டில் படித்தவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் மறுபடி சேர்ந்து படிக்க அனுப்பும் காபிட் விண்ணப்பத்துக்கான எஸ்.ஓ.பி. (ஏன் சேர விரும்புகிறோம் என்ற கட்டுரை) எழுதித் தருவதும் பேக்கேஜில் சேர்த்தி. வந்த கட்டுரையில் சிறுவயதில் பல் வலியால் துடித்த பாட்டி ஒருவர் இருந்தார். என் பாட்டிக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அதே பேட்ச்சில் இருந்த தோழிக்கும் அதே பாட்டி, அதே வலி. கிழித்துப் போட்டுவிட்டு நானே உட்கார்ந்து எழுதினேன்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இரண்டு நட்சத்திரத்துக்குக் கீழே போகவில்லை என்றால், பெஞ்ச் டெஸ்ட் பயிற்சி. இதற்கு மட்டும் தனியாகக் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் (வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான சுருக்கப் படிப்பு) சேர்க்கைக்குப் பல கல்லூரிகள் இன்டர்வியூவோடு சேர்த்து, டைப்போடான்ட் என்கிற செயற்கைத் தாடையில் பொருத்திய பிளாஸ்டிக் பற்களில் கைவேலையைப் பார்க்கின்றன, கிளாஸ் டூ பிரிபரேஷன் (பின்பற்களின் பக்கவாட்டுச் சொத்தைக்குக் குழி எடுப்பது), கிரவுன் பிரிபரேஷன் (உறை போடப் பல்லைச் செதுக்குவது) என்று. வருடக்கணக்கில் கிளினிக் நடத்திய கையாக இருந்தாலும் இங்கே தடுமாறும், ஏனென்றால் பிளாஸ்டிக் எனாமல் மாதிரி எதிர்ப்புக் கொடுக்காது, பர் (துளையிடும் முனை) வைத்ததும் வழுக்கிக்கொண்டு ஆழமாகப் போய்விடும். அந்தப் பயிற்சியாளர் ஒவ்வொரு பல்லையும் லூப்ஸ் போட்டுப் பார்த்து, ப்ரோபால் அளந்து, எங்கே டேப்பர் (சுவரின் சரிவு) அதிகம், மார்ஜின் (செதுக்கிய ஓரம்) எங்கே உடைந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துத் திருப்பித் தருவார். பக்கத்துப் பல்லில் பர் லேசாக உரசினால் அந்தப் பல்லைப் பார்க்கவே மாட்டார், குப்பைக்கூடைதான். பாராட்டு என்ற பேச்சே கிடையாது. யூடியூபில் எத்தனை வீடியோ பார்த்தாலும் நம் பல்லைப் பார்த்து இப்படிச் சொல்ல ஆள் கிடைக்காது. குறை என்றால் பர் மாட்டும் ஹேண்ட்பீஸ்கள் பழசு, இரண்டு பேருக்கு ஒரு ஸ்டேஷன் என்று சில நாள் ஒட்டவைத்தார்கள்.

அப்புறம் அந்த 'லைசென்ஸ் வரை' என்கிற வாக்குறுதி. சீட் கிடைத்து, இரண்டு மூன்று வருடம் படித்து டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டம் வாங்கிய பிறகுதான் அந்தப் பேச்சே வருகிறது (இரண்டும் ஒரே படிப்பு, பெயர்தான் வேறு). லைசென்ஸ் கொடுப்பது மாநில வாரியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. நியூயார்க் என்றால் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி) முடித்தாக வேண்டும், வேறு பல மாநிலங்களில் ஏடெக்ஸ் மாதிரி கிளினிக்கல் தேர்வு. அந்தக் கட்டத்தில் நீங்கள் படிக்கும் கல்லூரியே வழிகாட்டும், ஏஜென்சிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் அதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பணம் கேட்கிறார்கள்.

பெஞ்ச் பயிற்சியை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். இன்டர்வியூ சீசன் நெருங்கும்போது இன்னொரு தடவை கேளுங்கள், இடம் காலியாக இருந்தால் தருகிறார்கள். பணம் கட்டுமுன் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், ஸ்டேஷன் தனியா பங்கா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.