ஏடிஸ் (டெங்கு பரப்பும் கொசு) கணக்கெடுப்பு: வீடு வீடாகப் புழு தேடுவதா, முட்டைப்பொறி வைப்பதா?

சென்னையின் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை போல ட்ரம்மில் தண்ணீர் பிடித்துவைக்கும் தெருக்களுக்குக் கொசுப்புழு தேடலையே முதலில் சொல்வோம். எந்த ட்ரம்மில் புழு என்று கையோடு தெரியும், அங்கேயே காலிசெய்யலாம். ஆனால் உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்தே ஆகவேண்டும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டார்ச் அடித்ததும் புழு அடிக்கு இறங்கிவிடும். மூச்சுவிட மேலே வரும்வரை பொறுத்துப் பாருங்கள். 100 வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு. பூட்டிய வீடும் மொட்டைமாடித் தொட்டியும் விடுபட்டால் அந்த எண் பொய்யாகக் குறையும்.

முட்டைப்பொறி, அதாவது கொசு வந்து முட்டையிட நாம் வைக்கும் டப்பா, மலிவு. கொசு குறைந்த மாதங்களிலும் காட்டிக்கொடுக்கும். அரை லிட்டர் கறுப்பு டப்பா, பாதிக்கு மேல் தண்ணீர், உள்ளே சொரசொரப்பான மரச்சில். மழைநீர் வழிய விளிம்புக்குக் கீழே ஓட்டை. நிழலில், தரையோடு வையுங்கள். வாரம் ஒருமுறை தவறாமல் எடுக்க வேண்டும், தவறினால் நாமே கொசு வளர்த்தவர்கள் ஆவோம். பக்கத்திலேயே திறந்த ட்ரம்கள் இருந்தால் கொசு அங்கே பிரிந்துபோகும், பொறியில் முட்டை குறையும். அதைக் கொசு குறைந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பக்கிங்காம் கால்வாயோரக் கியூலெக்ஸ் என்னும் சாக்கடைக் கொசுவுக்கு இந்தப் பொறி ஆகாது. அங்கே அகப்பையால் சாக்கடைத் தண்ணீரை மொண்டு புழு எண்ணுவதுதான் முறை.