டுசல்டோர்ஃபில் ஜப்பானிய கிரீன் டீ பொடி: டின்னை விடுங்கள், கீழ்த்தட்டைப் பாருங்கள்

"அக்கா, மாச்சா எங்கே வாங்குறீங்க?" ஜெர்மனியின் டுசல்டோர்ஃபுக்குப் புதிதாக வந்து இறங்கும் நம் ஆட்கள், நான் ஜப்பானின் நாகோயாவில் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள் என்று தெரிந்ததும் முதலில் கேட்பது மாச்சா என்கிற இந்த ஜப்பானிய கிரீன் டீ பொடியைப் பற்றித்தான். "நுரைக்க அடிச்சுக் குடிக்கவா, சும்மா கலக்கிக் குடிக்கவா?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் சூடான கிரீன் டீ. அதற்கு மாச்சா தேவையே இல்லை.

நாகோயாவில் பெல்ட்டில் தட்டு சுற்றிவரும் சுஷிக் கடைகளுக்கு வீட்டுக்காரரோடு போவேன். சைவக்காரியான எனக்கு அங்கே வெள்ளரிக்காய் வைத்த கப்பா மக்கியை விட்டால் கதி கிடையாது. ஆனால் டீ உண்டு. மேசைமேல் ஒரு சின்ன டப்பாவில் பச்சைப் பொடி, பக்கத்தில் மேசையோடு பதித்த வெந்நீர்க் குழாய். கால் கரண்டி பொடியைக் கோப்பையில் போட்டு, குழாய்க்குக் கீழே இருக்கும் கறுப்புப் பொத்தானைக் கோப்பை விளிம்பாலேயே அழுத்தினால் வெந்நீர் கொட்டும். புதிதாக வருகிறவர்கள் கை கழுவும் குழாய் என்று நினைத்து விரலை நீட்டிச் சுட்டுக்கொள்வதும் உண்டு. தனிக் காசு கிடையாது, எத்தனை கோப்பை வேண்டுமானாலும் குடிக்கலாம். நான் இங்கே தேடி அலைந்தது இந்தப் பொடியைத்தான்.

ஜப்பானில் இதற்கு ஃபுன்மட்சு ரியோகுச்சா என்று பெயர். வெயிலில் வளர்ந்த செஞ்சா என்ற சாதாரண கிரீன் டீ இலையைப் பொடித்து விற்கிறார்கள். மாச்சாவின் கதையே வேறு. பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள். பறித்த இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி எடுப்பது தெஞ்சா. அதைத் திருகையில் அரைத்தால்தான் மாச்சா. ஒரு திருகை ஒரு மணி நேரம் சுற்றினால் 40 கிராம் அளவுக்குத்தான் தேறும். விலை ஏன் அப்படி என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இப்போது அந்த விலைக்கும் கிடைப்பதில்லை. உலகம் முழுக்க மாச்சா லாட்டே பைத்தியம் பிடித்ததில், 2024 அக்டோபரில் கியோட்டோவின் இப்போடோ, உஜியின் மருக்யு கொயமாஎன் மாதிரியான பழைய வியாபாரிகளே ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்ட வேண்டி வந்தது. நல்ல தெஞ்சா வசந்தகால முதல் பறிப்பில் வருவது. புதிதாகச் செடி வைத்தாலும் ஒழுங்காகப் பறிக்கச் சில வருஷம் ஆகும். ஆக, கேட்டவுடன் கூட்டிக் கொடுக்க முடியாத சரக்கு.

இந்தத் தட்டுப்பாட்டில் கண்டதெல்லாம் மாச்சா என்ற பெயரில் வருகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இயற்கை விளைபொருள் விற்கும் பயோ கடை ஒன்றில் 30 கிராம் டின் ஒன்றைக் கிட்டத்தட்ட 25 யூரோ கொடுத்து வாங்கினேன். மூடியைத் திறந்தால் பழைய மருதாணிப் பொடி நிறம், வைக்கோல் வாசம். டின்னின் முன்பக்கத்தில் மாச்சா அடிக்கும் மூங்கில் மத்து, சிவப்புச் சூரியன், ஜப்பானிய எழுத்து எல்லாம் இருந்தன. பின்பக்கத்தில் எந்த நாட்டு இலை என்று ஒரு வார்த்தை இல்லை. மாச்சா என்ற பெயருக்கு ஷாம்பெயினுக்கு இருப்பது போன்ற சட்டக் காவல் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். எனவே 'ஹெர்குன்ஃப்ட்' (எங்கிருந்து வந்தது) என்ற வரியில் ஜப்பான் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உஜி, நிஷியோ, யாமே, ககோஷிமா என்று ஊர்ப்பெயரும் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, எங்கே போவது? ரயில் நிலையத்துக்கு எதிரே தொடங்கும் இம்மர்மன்ஸ்ட்ராஸெதான். ஜப்பானிய நிறுவனங்கள் நிறைய இருக்கிற ஊர் இது. 2021 கடைசியிலிருந்து அந்தத் தெருவின் பெயர்ப்பலகை ஜப்பானிய எழுத்திலும் இருக்கிறது. அங்குள்ள ஆசிய மளிகைக் கடைகளில் டீ அலமாரிக்கு நேராகப் போங்கள். கண் மட்டத்தில் மாச்சா டின்கள், முன்னால் 'ஆளுக்கு ஒன்று' என்று கையால் எழுதிய சீட்டு, அதைச் சுற்றி போனும் கையுமாக இளசுகள். அவர்கள் பாட்டுக்குப் படம் எடுக்கட்டும். நடுத்தட்டில் பொரித்த அரிசி கலந்த கென்மைச்சா, வறுத்த ஹோஜிச்சா. குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தால் ஜிப் வைத்த சாதாரணப் பைகளில் ஃபுன்மட்சு ரியோகுச்சா. அலங்காரம் எதுவும் இருக்காது. நமக்கு வேண்டியது அதுதான்.

நான் வழக்கமாக எடுப்பது 100 கிராம் பை, ககோஷிமா இலை, சேர்மானம் எதுவும் இல்லாதது. அந்த பயோ கடை டின்னோடு ஒப்பிட்டால் கிராமுக்கு மூன்றில் ஒரு பங்கு விலைகூட வரவில்லை. நிறம் மாச்சா அளவுக்குப் பளிச்சென்று இருக்காது, கொஞ்சம் மஞ்சள் ஓடிய பச்சை. வாசம் அப்போது வெட்டிய புல்லும் லேசாகக் கடல்பாசியும் கலந்தது. ருசியில் மாச்சாவின் வழவழப்பு கிடையாது. நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு துவர்ப்பு வரும். தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்ட வாய்க்கு அந்தத் துவர்ப்புதான் சரி.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இது கரையாது, இலைத்தூள் அடியில் தங்கும். கடைசி இரண்டு வாய்க்கு முன் டம்ளரை ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள், இல்லையென்றால் சேறாகத்தான் வாயில் வரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும், 80 டிகிரி போதும். 150 மில்லிக்கு அரை டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம்.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். கெட்டிலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிற டுசல்டோர்ஃப் குழாய்த் தண்ணீரில் இந்த டீ மங்கிப்போகிறது, மேலே ஒரு மெல்லிய ஏடும் மிதக்கிறது. ஜப்பானில் பெரும்பாலும் மென்னீர். கும்பகோணத்துக் காபிக்குக் காவிரித் தண்ணீர்தான் காரணம் என்று என் மாமியார் சொல்லும்போது சிரித்திருக்கிறேன். இப்போது என் சமையலறையில் ஃபில்டர் ஜாடி இருக்கிறது.

ஆபீசுக்கு வேறொன்று. இட்டோ என் நிறுவனத்தின் 'ஓய் ஓச்சா' வரிசையில் சரசரா என்று ஒரு இன்ஸ்டன்ட் பொடி வருகிறது. டீயோடு டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருளும் வைட்டமின் சியும் சேர்த்தது, கொஞ்சம் மாச்சாவும் உண்டு. பச்சைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினாலே கரைந்துவிடும், அடியில் மண்டி தங்காது. ஒரு கோப்பைக்கு 0.8 கிராம் போதும், ஆக 40 கிராம் பை 50 கோப்பைக்கு வரும். ருசி கொஞ்சம் தட்டைதான், முடிவில் ஒரு மெல்லிய இனிப்பு நிற்கிறது. வீட்டில் இதைப் போட மாட்டேன். மீட்டிங்குக்கு நடுவே குடிக்க இதைவிட வசதியானது இல்லை. 'மாச்சா லாட்டே மிக்ஸ்' என்ற பாக்கெட்டுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சேர்மானப் பட்டியலில் முதலில் சர்க்கரை.

வாங்கி வந்தபின் நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்தப் பொடி பக்கத்தில் இருக்கும் எல்லா வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். பிரித்த பையைப் பெருங்காய டப்பாவுக்கும் சாம்பார் பொடிக்கும் நடுவே வைத்தால் அடுத்த வாரம் ரசம் குடிப்பீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள். பிரிக்காத பையை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள். குளிரோடு பிரித்தால் உள்ளே ஈரம் கோத்துப் பொடி கட்டியாகிவிடும்.

இலையையே விழுங்குகிறோம் என்பதால் வைட்டமின் கே-யும் சேர்ந்து உள்ளே போகிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பிட்ட கையோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

மூங்கில் மத்து, கிண்ணம் எல்லாம் வைத்து ஞாயிற்றுக்கிழமை ஆற அமரக் குடிக்கிறவர்கள் தாராளமாக மாச்சா டின் வாங்கலாம். கிண்ணத்துக்கு 2 கிராம் போட்டால் 40 கிராம் டின் 20 கிண்ணத்துக்கு வரும், கணக்கு உங்களுடையது. அதைப் பாலில் கலந்து சர்க்கரை போடுவதாக இருந்தால் மட்டும் வேண்டாம், கீழ்த்தட்டுப் பையே போதும்.

கோனச்சா என்று எழுதிய பை கைக்கு வந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அது இலை நொறுங்கல், வடிகட்டி இல்லாமல் ஆகாது. பைகள் தீர்ந்திருந்தால் கல்லாவில் கேளுங்கள். நான் போகும் கடையில் சரக்கு வந்து இரண்டு நாள்வரை அது பின்பக்கத்தில் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும், கேட்டால்தான் எடுத்து வருவார்கள்.