லினக்ஸில் குறியாக்க டிஎன்எஸ்: சிஸ்டம்டி-ரிசால்வ்டா, டிஎன்எஸ்கிரிப்ட்-பிராக்சியா?

உலாவியில் பூட்டுச் சின்னம் தெரிந்தாலும், எந்தத் தளத்தின் முகவரியைக் கேட்கிறோம் என்பது தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் வழக்கமான டிஎன்எஸ் முறையில் 53ஆம் போர்ட் (எண்ணிட்ட இணைப்பு வாயில்) வழியே அப்பட்டமாகவே செல்கிறது. இதை மறைக்க லினக்ஸ் பயனர்கள் பெரும்பாலும் நாடுபவை இரண்டு: உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் முன்பே இயங்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு, தனியே நிறுவிக்கொள்ள வேண்டிய டிஎன்எஸ்கிரிப்ட்-பிராக்சி. ஃபயர்பாக்ஸின் டிஓஹெச் (டிஎன்எஸ் வினவலை ஹெச்டிடிபிஎஸ் வழியே அனுப்பும் முறை) வசதி அந்த உலாவியை மட்டுமே காக்கும். டெர்மினலில் ஓடும், கோப்பு இறக்கும் கர்லும் மென்பொருள் நிறுவும் ஆப்ட்டும் அதன் குடைக்குள் வருவதில்லை.

ரிசால்வ்டு பயன்படுத்துவது 2016இல் தரப்படுத்தப்பட்ட டிஓடி முறை, அதாவது வினவலை டிஎல்எஸ் குறியாக்கத்தில் பொதிந்து அனுப்புவது. ரிசால்வ்டு.கான்ஃப் கோப்பில் சர்வரின் ஐபி முகவரியோடு, # குறிக்குப் பின் அதன் சான்றிதழ்ப் பெயரையும் எழுதி, டிஎன்எஸ்ஓவர்டிஎல்எஸ் வரியில் ‘யெஸ்’ என்று வைத்தால் போதும். பலர் சறுக்குவது இங்கேதான். ‘ஆப்பர்ச்சுனிஸ்டிக்’ என்று வைத்தால், சர்வரின் அடையாளம் சரிபார்க்கப்படாது. டிஎல்எஸ் கிடைக்காதபோது வினவல் சத்தமில்லாமல் பழைய வழிக்கே திரும்பிவிடும். டொமைன்ஸ் வரியில், எல்லாப் பெயர்களையும் இந்தச் சர்வருக்கே அனுப்பச் சொல்லும் ‘~.’ சேர்க்க மறந்தாலோ, நாம் தேர்ந்த சர்வரோடு, ரவுட்டர் டிஹெச்சிபி (இணைப்பு அமைப்புகளைத் தானாக வழங்கும் முறை) வழியே கொடுத்த சர்வரிடமும் வினவல் போகும். அமைத்து முடித்தோம் என்ற நிம்மதியில் இதைக் கவனிக்காமல் விடுவது, பூட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போலத்தான்.

டிஓடியின் உண்மையான பலவீனம், அது செல்லும் தனி 853ஆம் போர்ட். அலுவலக, விடுதி வலையமைப்பு அதை மூடினால், கண்டிப்பான (‘யெஸ்’) அமைப்பில் பெயர்த் தேடலே நின்றுவிடும். டிஎன்எஸ்கிரிப்ட்-பிராக்சி கைகொடுப்பது அப்போதுதான். அது பேசும் டிஓஹெச், சாதாரண வலைப் போக்குவரத்து செல்லும் 443ஆம் போர்ட்டிலேயே செல்வதால், போர்ட்டை மட்டும் பார்த்து அதைத் தடுக்க முடியாது. சர்வர்களில் வேகமானதைத் தானே தேர்ந்தெடுப்பதும், தடைப்பட்டியல் கோப்பை ஏற்பதும், இடையில் ஒரு ரிலேவை வைத்து நமது ஐபி முகவரியைச் சர்வரிடமிருந்து மறைப்பதும் அதன் கூடுதல் பலங்கள். மாறாக, அதன் டாம்ல் அமைப்புக் கோப்பு நீளமானது, டிஎன்எஸ் சர்வரைக் குறிக்கும் ரிசால்வ்.கான்ஃபை 127.0.0.1 (இதே கணினி) நோக்கித் திருப்பி, வலை இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அதை மாற்றி எழுதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு மேசைக் கணினிக்கு ரிசால்வ்டையே பரிந்துரைப்பேன். ஊர் ஊராகச் சுற்றும் மடிக்கணினிக்கு மற்றது. எதை நிறுவினாலும், வலையமைப்புப் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்பை வெளி இடைமுகத்தில் 53ஆம் போர்ட்டைக் கவனிக்க வைத்து, புதிய தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரையில் ஒரு வரிகூட ஓடக் கூடாது.