சேலத்தில் சி டைப் கேபிள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன வாரம் ஏற்காட்டில் ஒரு கல்யாண ஷூட். அவசரத்தில், வீடியோவைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி டிரைவின் கேபிளை வீட்டிலேயே வைத்துவிட்டேன். சரி, போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மொபைல் கடையில் வண்டியை நிறுத்தி, லேப்டாப் சார்ஜும் ஏற வேண்டும், பெரிய வீடியோ ஃபைலும் வேகமாகப் போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "எல்லாத்துக்கும் ஆகும்ண்ணா, ஒரிஜினல்" என்று இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றை 750 ரூபாய்க்குக் கொடுத்தார். பெட்டியில் சார்ஜுக்கு 100 வாட், டேட்டா வேகத்துக்கு 10 ஜிபிபிஎஸ் என்று கொட்டை எழுத்து.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ராத்திரி ரூமில் உட்கார்ந்து எஸ்எஸ்டிக்கு காப்பி போட்டால் நொடிக்கு 38 எம்பியைத் தாண்டவே இல்லை. 200 ஜிபி. பத்து நிமிஷத்துக்குள் முடிய வேண்டியது ஒன்றரை மணி நேரம் ஓடியது, காலையில் ஐந்து மணிக்கு முகூர்த்தம், கேமரா கார்டுகளைக் காலி செய்யாமல் படுக்கவும் முடியாது. அப்புறம் அதே கேபிளை 100 வாட் சார்ஜரில் போட்டேன், மெதுவாக சார்ஜ் ஆகிறது என்று லேப்டாப்பே சொல்லிவிட்டது.

சி என்பது முனையின் வடிவம் மட்டும்தான். உள்ளே என்ன கம்பி இருக்கிறது என்பது வேறு கதை. யுஎஸ்பி 2.0 கம்பி மட்டும் இருந்தால் உச்ச வேகமே 480 எம்பிபிஎஸ்தான் (மெகாபிட் கணக்கு, அதாவது நொடிக்கு 60 எம்பி), அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாக அதிவேகக் கம்பி ஜோடிகள் இருக்க வேண்டும். மலிவான சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. அதேபோல 60 வாட்டுக்கு மேல் போக முனைக்குள் இ-மார்க்கர் என்ற சிப் வேண்டும், அது இல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல் விடாது. நண்பரின் கேபிள் டெஸ்டரில் போட்டுப் பார்த்தோம், என் கேபிளில் சிப்பே இல்லை. பெட்டியில் இருந்தது பச்சைப் பொய்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "சார்ஜ் ஏறுதுல்லண்ணா, அப்புறம் என்ன?" என்கிறார். பில்லில் 'கேபிள் 1' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, அதை நான் அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

வாங்கும்போது வாட்டையும் வேகத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் லேப்டாப்பையும் எஸ்எஸ்டியையும் கொண்டுபோய் அங்கேயே ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்து பாருங்கள். பின்னல் உறை, தடிமன் இதையெல்லாம் பார்த்து ஏமாறாதீர்கள். 10 ஜிபிபிஎஸ் கேபிள்கள் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான் வரும், குறைந்த விலையில் இரண்டு மீட்டர் நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

பெட்டி, பில், டெஸ்டர் படம் மூன்றையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.