நாலு தலை டோசிங் பம்ப்: திரை சொல்வது 40 மி.லி., தொட்டியில் விழுவது எவ்வளவு?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, தலைக்கு ஒன்றாக நாலு கரைசலைத் தானே அளந்து ஊற்றும் பம்ப் இது. விலை இறங்கியதிலிருந்து "இப்ப வாங்கலாமா ப்ரோ?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆப், டைமர் எல்லாம் கேட்பவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும் அந்தச் சிலிக்கோன் ட்யூப்பைப் பற்றி மட்டும்தான்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆல்கலினிட்டியை ஏற்றும் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைசலை ஒரே மூச்சில் கையால் ஊற்றினால் pH குபீரென்று ஏறும். அதே அளவை இந்தப் பம்ப் 24 பங்காகப் பிரித்து, சத்தமே இல்லாமல் ஊற்றுகிறது. ஆக்ரோபோரா என்ற கிளைப் பவளம் வளர்ப்பவருக்கு இது பெரிய நிம்மதி. மோட்டாரையும் குறை சொல்ல முடியாது.

இனி எரிச்சல். மோட்டார் சுழற்றும் ரோலர் நசுக்கித் திரவத்தைத் தள்ளிவிட்டுப் போனதும் ட்யூப் பழையபடி உப்பி எழுந்தால்தான் அடுத்த சுற்றுக்கு முழு அளவு உள்ளே வரும். நாளாக நாளாக அது தளர்ந்து சப்பையாகிவிடும். பம்ப் கணக்கு வைப்பது மோட்டார் ஓட்டத்தை. வெளியே விழுந்த திரவத்தை அல்ல. திரையில் 40 மி.லி. என்றே இருக்கும், தொட்டிக்கு 31 போயிருக்கும். ஒரு எச்சரிக்கை கூட வராது. இவ்வளவு விலைக்கு விற்கும் சாதனத்தில், ஓடிய மணிநேரத்தைக் கணக்கிட்டு "ட்யூப் மாற்று" என்று ஒரு வரி காட்ட என்ன கேடு?

கால்சியம் டெஸ்ட் மட்டும் எடுப்பவருக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது ஆல்கலினிட்டி (நீரிலுள்ள கார்பனேட் இருப்பு, டிகேஎச் அதன் அலகு) 2.8 டிகேஎச் குறைந்தால் கால்சியம் வெறும் 20 பிபிஎம்தான் குறையும். 430 இருந்த இடத்தில் 410 வந்தால் யார் கவனிப்பார்கள்? 8 டிகேஎச் 5.2 ஆனால் பவளம் கவனிக்கும்: வளர்நுனி நின்றுபோகும், நிறம் வெளிறும், பாலிப் (பவளத்தின் குட்டி உயிர்) உள்ளே இழுத்துக்கொள்ளும், கடைசியில் அடியிலிருந்து திசு உரிந்து மேலேறும்.

இதைவிட மோசம், ட்யூப் மாற்றிய பிறகு வருவது. 200 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 100 கிராம் சோடா ஆஷ் கரைசல் என்று வையுங்கள். பழைய ட்யூப் தளர்ந்ததால் ஆல்கலினிட்டி இறங்க, 40 மி.லி. அமைப்பை 52 ஆக்கியிருப்பார்கள். புது ட்யூப் போட்டதும் 52-ம் முழுசாக விழும். கூடுதலாகப் போவது தினம் 1.2 கிராம், அதாவது சுமார் 0.3 டிகேஎச், ஒரே வாரத்தில் 2-க்கு மேல் ஏறிவிடும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும் தொட்டியில் இதுவே நுனி கருகப் போதும்.

நுனி வெள்ளையாக இருந்தாலே கருகல் என்று பதற வேண்டாம். நன்றாக வளரும் நுனியும் வெள்ளைதான்; ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலே கண்ணாடி போலத் திசு படர்ந்திருக்கும். கருகிய நுனியில் வெறும் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். சில நாளில் அதில் பழுப்புப் பாசி பிடிக்கும். மேல்பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் லைட்டைப் பாருங்கள். வட்ட வட்டமாகக் கடித்த தடமும், அடிப்பகுதியில் பழுப்பு முட்டைக் கொத்தும் இருந்தால் அது தட்டைப்புழு. பம்ப்பைத் திட்டிப் பயனில்லை.

கருகல்தான் என்று உறுதியானால் சோடா ஆஷ் தலையை நிறுத்துங்கள்; பவளம் தின்று ஆல்கலினிட்டி தானே இறங்கட்டும். அவசரப்பட்டு நீர் மாற்றாதீர்கள். உங்கள் உப்பு 11, 12 டிகேஎச்சில் கலக்கும் வகையென்றால் நிலைமை இன்னும் கெடும். மாறாக, ஆல்கலினிட்டி தாழ்ந்திருந்தால் நாளுக்கு 0.5 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

அளவு சரிபார்க்கச் சிரிஞ்ச் வேண்டாம், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும். ட்யூப்பைக் கழற்றாமல், வழக்கமான நீளமும் உயரமும் அப்படியே இருக்க, ஆர்ஓ (வடிகட்டிய சுத்த) நீரை உறிஞ்சவிட்டு 20 மி.லி. கேளுங்கள். கப்பில் விழுந்தது 20 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 19-க்குக் கீழே என்றால் மறுபடி கேலிபரேஷன் (பம்ப்பின் அளவைத் திருத்துவது). அடுத்த மாதமும் அப்படியே இறங்கினால் ட்யூப் மாற்றம். மாற்றியதும் அமைப்பைப் பழைய 40-க்கே கொண்டுவந்து, மூன்று நாள் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டி பாருங்கள். சோடா ஆஷ் குழாயின் முனையில் வெள்ளைப் பொருக்கு கட்டும்; வினிகரில் ஊறப்போட்டால் கரையும். முனை நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும், மூழ்கினால் சைபன் ஆகி, பம்ப் ஓடாமலே நீர் தானாக இழுபடலாம். கால்சியம் கரைசலின் குழாயைச் சம்ப்பின் (தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டி) மறுகோடியில் வையுங்கள்.

வாங்கலாமா? நான் புது ட்யூப் மாட்டிய கையோடு கேட்கிறீர்கள், இன்று என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆனால் என்னுடையதை யாராவது நல்ல விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன். பிடிவாதமாக வாங்குவதென்றால் நாலு தலைக்கும் மாற்று ட்யூப் இப்போதே சேர்த்து எடுங்கள். ட்யூப் தனியாகக் கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் பம்ப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.