நீண்ட வெளிநாட்டுப் பயணத்துக்கு 70 லிட்டர் கொள்ளளவுள்ள முதுகுப் பை வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று ஐந்து மாதப் பயணம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். பயணத்தைப் பற்றிப் பிறகு எழுதுவேன். முதலில் முதுகுப் பையைப் பற்றி எழுதிவிட வேண்டும். நான் ஏமாந்த அதே கடையில் போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் அதே போன்ற பையைத் தோளில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்னால் முடிந்த வரை சொன்னேன். மற்றவர்களுக்காக இந்தப் பதிவு.

சென்னையில் பயணப் பொருட்கள் விற்கும் கடை அது. பெயரை எழுதவில்லை; புகார் நடந்துகொண்டிருக்கிறது. 40 லிட்டரா, 50 லிட்டரா என்ற குழப்பத்தோடுதான் போனேன். “ஐந்து மாதம் போகிறீர்கள் மேடம், 70க்குக் குறைந்து எடுக்காதீர்கள்” என்றார் விற்பனையாளர். பெயர் பெற்ற ஒரு பிராண்டின் முத்திரை போட்ட பையை எடுத்து என் தோளில் மாட்டினார். உள்ளே அலுமினியக் கம்பி இருக்கிறது, மழைக்கு நனையாது, முதுகில் இருப்பதே தெரியாது என்றார். பைக்குள் இருந்ததோ வெறும் காகிதச் சுருள். காகிதம் அடைத்த எந்தப் பையும் முதுகில் சுகமாகத்தான் இருக்கும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 6,800 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘பை 1’ என்று எழுதித் தந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரிய பை கையில் இருந்தால் வீட்டிலிருப்பதெல்லாம் அதற்குள் போய்விடும். இரண்டு ஜீன்ஸ், கனமான துண்டு, அம்மா கொடுத்த பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சிறிய மின்சார குக்கர். விமான நிலையத்தில் எடை போட்டபோது 16.8 கிலோ. அதில் வெறும் பையின் எடை மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல். என் எடை 54 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்று அனுபவமுள்ள பயணிகள் சொல்வார்கள். எனக்கு அது 11 கிலோவுக்குள்.

எடையை விடவும் என்னைப் படுத்தியது பையின் உயரம்தான். லிட்டர் கணக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், முதுகு நீளத்தைப் பற்றிக் கடையில் ஒருவரும் பேசவில்லை. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டினால் அவை முதுகெலும்பில் ஓர் இடத்தைக் காட்டும். துருத்தி நிற்கும் அந்தப் பின்கழுத்து எலும்பிலிருந்து இந்த இடம் வரை டேப் வைத்து அளப்பதுதான் முதுகு நீளம். எனக்கு 41 சென்டிமீட்டர். அந்தப் பை 50க்கு மேல் இருப்பவர்களுக்காகத் தைக்கப்பட்டது. அதனால் இடுப்பெலும்பின் மீது உட்கார்ந்து எடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டிய இடுப்புப் பட்டை எனக்குத் தொடைக்கு அருகில் தொங்கியது. முழுச் சுமையும் தோளில்.

தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தோள் வார் அழுத்தி நரம்பு நசுங்கியிருக்கிறது, இரண்டு வாரம் இதைத் தொடாதீர்கள் என்றார். பயந்து போனேன். உங்களில் யாருக்காவது பை சுமந்தபின் விரல் மரத்துப்போனால் ‘சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து உடனே காட்டுங்கள்.

அது செப்டம்பர், அங்கே மழைக்காலம். பஸ் நிலையத்திலிருந்து இருபது நிமிடம் நடந்ததற்கே உள்ளே துணியெல்லாம் ஈரம். பையின் உள்பக்கத்தில் பூசியிருந்த பூச்சு பிசுபிசுவென்று செதிலாக உரிந்து துணியில் ஒட்டியிருந்தது. பல வருடம் தேங்கிக் கிடந்த சரக்கின் அடையாளம் அது. கடையில் உள்ளே கைவிட்டுத் தடவி, முகர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு தாய்லாந்து எல்லையைக் கடந்து லாவோஸின் ஹுவாய் சாயில் மீகாங் நதிப் படகில் ஏறினேன். லாவோஸிலேயே இருக்கும் லுவாங் பிரபாங் நகரத்துக்குப் போக இரண்டு நாள். இரவு பாக்பெங் என்ற சிற்றூரில் தங்கல். படகு நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான கரையில் பாதி ஏறியிருப்பேன், வலது தோள் வார் அடியோடு பிய்ந்து வந்துவிட்டது. பின்னால் வந்த ஒருவர் பையைப் பிடிக்காவிட்டால் அதோடு நானும் ஆற்றுக்குள் உருண்டிருப்பேன். தரமான பையில் வார் சேரும் இடத்தில் கட்டம் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருப்பார்கள். இதில் ஒரே ஒரு வரித் தையல்.

லுவாங் பிரபாங்கில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் உள்துணியைப் பிரித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. அலுமினியக் கம்பி என்று சொன்ன இடத்தில் வளைந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றும் கொஞ்சம் பஞ்சும் இருந்தன. அன்றிரவு அந்தப் பிராண்டின் இணையதளத்தைப் பார்த்தேன். அந்த மாடலை அவர்கள் 70 லிட்டரில் செய்வதே இல்லை. நான் சுமந்தது முழுப் போலி.

வியட்நாம் தலைநகர் ஹனோயின் பழைய நகரத் தெருக்களிலும் இப்படிப்பட்ட நகல்கள் வரிசையாகத் தொங்குகின்றன, அங்கும் கவனம் தேவை. நான் மலையேற்றப் பொருட்கள் விற்கும் ஒரு கடையைத் தேடிப் போனேன். அங்கிருந்த பெண் முதலில் என் முதுகை அளந்தார். பிறகு 40 லிட்டர் பையில் பத்து கிலோ மணல் மூட்டையைப் போட்டு, எல்லா வார்களையும் தளர்த்தி, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, அதன்பின் தோள் வார், கடைசியாக நெஞ்சுப் பட்டை என்று மாட்டிவிட்டு, மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொன்னார். முதல் முறையாகத் தோளில் பாரமே இல்லாமல் நடந்தேன். பெட்டி போல முழுவதும் திறக்கும் பை அது. அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. விலையும் சென்னையில் கொடுத்ததைவிடக் குறைவு.

மீதி மூன்று மாதங்களும் அந்த 40 லிட்டரில்தான் ஓடின. ஐந்து நாள் உடை போதும். அந்த ஊர்களில் கிலோ கணக்கில் துணி துவைத்துத் தருகிறார்கள். வியட்நாமின் மலையூரான சாபாவின் குளிருக்கு அங்கேயே ஒரு ஜாக்கெட் வாங்கினேன். தென்கிழக்கு ஆசியாவின் குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் கூடவே உள்ளே கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் அனுமதி என்பதால், எனக்கு 40 லிட்டரும் கொஞ்சம் அதிகம்தான். கூடாரம், சமையல் அடுப்பு சுமந்து மலைகளில் தங்குகிறவர்களுக்கு 60, 70 லிட்டர் தேவைப்படும். விடுதிகளில் தங்குகிறவர்களுக்குத் தேவையே இல்லை.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை, அந்தப் பை இங்கே வாங்கியதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஜிஎஸ்டி எண்ணும் மாடல் பெயரும் உள்ள பில் இல்லாமல் பணம் கொடுத்தது நான் செய்த பெரிய தவறு. நீங்கள் செய்யாதீர்கள். நல்லவேளையாக யுபிஐயில் பணம் கட்டிய பதிவு இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஆணையத்தில் காட்டுவதற்காக அந்தப் பையை, லுவாங் பிரபாங் தையல்காரர் போட்ட சிவப்பு நூல் தையலோடு, பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.